உன் பிள்ளையின் கட்டில் எங்கே போனது

மகள்,

பக்கத்து அறையில் நீ சூட்கேஸைத் திறப்பதும் மூடுவதும் எனக்குக் கேட்கிறது. சனிக்கிழமை உனக்கு விமானம். கனடாவில் பெரியம்மா உனக்காக ஓர் அறையை ஒதுக்கி வைத்திருக்கிறாள். போக வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த மாதங்களில் உன்னைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் நீ நிரோஷனை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறாய். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. "அந்த மனுசனுக்கு எங்கட பிள்ளை செத்தது ஒரு விசயமே இல்லையம்மா. கட்டிலைக்கூடத் தூக்கி ஆருக்கோ குடுத்திட்டு வந்து நிக்கிறார்." நீ இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்து, பிறகு மூடியிருக்கிறேன். அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதை மீறப்போகிறேன். நேரே சொல்லத் தொடங்கினால் பாதியில் நான் அழுவேன், நீ காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விடுவாய். ஆகவே எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் கடைசிவரை வாசி.

நான் என்ன வேலை செய்து உன்னை வளர்த்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா செத்த பிறகு எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு தளபாடப் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் மண்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. கதிரைக் கால்களைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்ரேகையே அழிந்துபோய்விட்டது. துளை வெட்டுகிற மெசினில் நின்ற மூத்த தச்சுப் பாஸ் கட்டாருக்குப் போனபோது முதலாளி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நீ நிண்டு பாக்கிறியா?" என்று கேட்டார். நின்றேன். ஓய்வு பெறும்வரை அதிலேயே நின்றேன். ஒரு மேசையின் காலும் சட்டமும் ஆணியில்லாமல் சேர வேண்டுமானால், காலில் ஒரு நீளத் துளை வேண்டும். சட்டத்தின் முனையில் அந்தத் துளைக்குள் போகிற நாக்கு வேண்டும். துளையைத்தான் முதலில் வெட்ட வேண்டும். நாக்கைச் சீவிச் சிறிதாக்கலாம், ஆனால் பெரிதாகப் போன துளையைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. பட்டறையில் என் துளைகளைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. எனக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது இரண்டு. ஒன்று அது, மற்றது நீ.

நீ பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாய் என்று சொன்ன அன்றைக்கே, கட்டில் நான்தான் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் பட்டறை மெசின் இல்லை, மரத்தைக் குடைகிற, கையில் பிடிக்கிற ரவுட்டர் மெசின்தான் இருந்தது. அதன் வெட்டுமுனை, பிட், சுழலும் வேகத்தில் கை கொஞ்சம் ஆடினாலும் துளை கோணலாகிவிடும். அதனால் முதலில் பிளைவூட்டில் ஒரு பெட்டி செய்தேன். மரத்தை அதற்குள் இறுக்கி வைத்தால் ரவுட்டர் பெட்டியின் இரண்டு விளிம்புகள் மேல் அசையாமல் உட்காரும். பக்கவாட்டில் விலகாமல் வழிகாட்ட ஒரு கைட் கட்டை, துளை தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் தடைக்கட்டைகள். ஒரேயடியாக ஆழம் போகக் கூடாது. கொஞ்சம் இறக்கி, ஓட்டி, தூளை உறிஞ்சி எடுத்து, திரும்பக் கொஞ்சம் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பிட் கருகும், மரமும் கருகும். மஹோகனியில் செய்தேன். சாதாரணக் குழந்தைக் கட்டிலைவிட அகலமாகவும் உயரமாகவும் செய்தேன். ஒரு பக்கத் தடுப்பை எடுத்துவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுவரை அதிலேயே படுக்கலாம் என்பது என் கணக்கு.

துண்டுகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு உங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்கு வந்து, அந்தச் சின்ன அறைக்குள் வைத்தே பூட்டிக் கட்டிலாக்கினேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாக்கையும் நான்தான் தள்ளுவேன் என்று அடம்பிடித்தாய். "அம்மா, சுத்தியலால தட்டவா?" என்றாய். "சுத்தியல் வேணுமெண்டால் நான் பிழையா வெட்டியிருக்கிறன் எண்டு அர்த்தம். கையால அமத்து," என்றேன். அமர்த்தினாய். உள்ளே போய் நின்றது. நீ சிரித்தாய். நிரோஷன் பசைப் போத்தலோடு பின்னாலேயே திரிந்து, வழிந்த பசையையெல்லாம் தான் உடுத்திக் கழித்த பழைய ஷேட்டால் துடைத்தார். "இனி இதை ஆராலும் கழட்ட ஏலாது," என்று நான் சொன்னேன். சந்தோசத்தில் சொன்ன வார்த்தைதான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை உனக்கு நான் எழுதத் தேவையில்லை. நீ பிள்ளையை ஒருதரம் கையில் வாங்கினாய். நெற்றியில் இருந்த ஈரத்தை உன் விரலால் துடைத்தாய். பிறகு நேர்ஸிடம் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அடுத்தநாள் காலை நான் வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "அம்மா, நான் வீட்டுக்கு வரேக்க அந்தக் கட்டில் அங்க இருக்கக் கூடாது." நான் ஓம் என்றேன். நிரோஷன் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். அவர் கண் காய்ந்து போயிருந்தது. அவருடைய அம்மாவை உன்னோடு இருக்க விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போனோம்.

மகள், அந்தக் கட்டில் அறைக் கதவால் வெளியே போகாது. நிமிர்த்திப் பார்த்தோம், சரித்துப் பார்த்தோம். அகலத்திலும் போகாது, உயரத்திலும் போகாது. உள்ளே வைத்துச் செய்த எனக்கு, அது ஒருநாள் வெளியே வர வேண்டியிருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. கழற்றலாம் என்று நினைத்தேன். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினேன். துணியைச் சுடுதண்ணியில் நனைத்துச் சுற்றிப் பசையை இளக்கப் பார்த்தேன். ஒரு மூட்டுக்கூட அசையவில்லை. அவ்வளவு காலம் மெசினில் நின்ற நான், ஒரு துளையையாவது கொஞ்சம் தளர்வாக வெட்டியிருக்கக் கூடாதா என்று முதல்தடவையாக ஆசைப்பட்டேன். நிரோஷன், "மாமி, உடைச்சிடுவமா?" என்று கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. "உடைக்க வேண்டாம் தம்பி. அறுப்பம்," என்றேன். கீழ்வீட்டுக்காரரிடம் மரம் அறுக்கிற கைவாள் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து, நாக்கு துளைக்குள் போகிற வாயிலேயே வைத்து ஒவ்வொரு சட்டமாக அறுத்தேன். மரம் ஆடாமல் அவர் பிடித்துக்கொண்டார்.

தலைமாட்டுச் சட்டத்தை அறுக்கும்போது வாள் இறுகியது. பார்த்தால், அவர் சட்டத்தின் மேல் நெற்றியை வைத்துவிட்டார். முதலில் தலைசுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தோள் குலுங்குவதைக் கண்டேன். சத்தமே இல்லை. வாயைத் தன் முழங்கையால் அடைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் நீ பார்த்த அந்தக் காய்ந்த கண்கள் இல்லை அவை. நான் வாளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவவுக்கு முன்னால அழுதால் அவ என்னைத் தேற்ற வேண்டி வரும் மாமி. அவவிட்ட இப்ப அதுக்குப் பெலன் இல்லை," என்றார். அப்படி ஒரு கணக்கை அவர் தன் மனதுக்குள் போட்டு வைத்திருந்தார். அது பிழையான கணக்கு என்று எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அறுத்த மரங்களைச் சுவரோடு சாய்த்து வைத்தோம். அடுத்தநாள் பிள்ளையை அடக்கம் செய்ய வேண்டும். சவப்பெட்டிக் கடைக்குப் போக வேண்டும் என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன். அவர் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமி, இதில செய்ய ஏலுமா?"

"என்னத்தை?"

"பிள்ளை படுக்கிறதுக்கெண்டு செய்தது தானே. அவவே கொண்டு போகட்டும்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பேத்திக்குக் கட்டிலைச் செய்த கையால் பெட்டியையும் செய் என்று எந்தத் தெய்வம் கேட்கும். ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர், "ஆணி வேண்டாம் மாமி. அவவுக்குக் கிட்ட ஒரு ஆணிகூட வேண்டாம்," என்றார். அதற்குப் பிறகு ஏலாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மத்தியானமே மரங்களை ஓட்டோவில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தோம். சட்டங்களில் நல்ல நீளம் மிஞ்சியிருந்தது. நான்கு மூலைக்கும் நான்கு குறுங்கால்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் மெல்லிய சட்டங்கள், அவற்றுக்கு நடுவே கட்டிலின் தலைமாட்டுப் பலகை. பசை காய நேரம் கிடையாது. அதனால் ஒவ்வொரு மூட்டும் தன் இறுக்கத்திலேயே நிற்க வேண்டும். நான் என் வாழ்க்கையில் வெட்டிய துளைகளில் அவைதான் சின்னவை. கத்தி முனையால் கோடு போட்டேன். எல்லாக் கால்களிலும் ஒரே பக்கத்திலிருந்தே அளந்தேன். கழிவுக்கட்டையில் ஒன்றை வெட்டி, நாக்கை நுழைத்துப் பார்த்து, பிறகுதான் ரவுட்டரை எடுத்தேன். எடுத்தால் கை நடுங்குகிறது. கண்ணீரில் கோடு தெரியவில்லை. மெசினை நிறுத்திவிட்டேன்.

"நான் பிடிக்கவா மாமி?" என்றார். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர். ஒரு ஸ்குரூட்ரைவரைக்கூட ஒழுங்காகப் பிடித்து நான் பார்த்ததில்லை. அவருடைய கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பிளைவூட் பெட்டி இருக்கிறதே, நடுங்குகிற கைக்காகத்தான் அதைச் செய்வது. ரவுட்டர் பக்கத்துக்கு விலகாது, தடைக்கட்டையைத் தாண்டாது. அவர் ஒரு கைப்பிடியையும் நான் மற்றக் கைப்பிடியையும் பிடித்தோம். "அமத்தாதீங்கோ. அது தானா இறங்கும். கைட் மரத்தோட ஒட்டியிருக்கிற மாதிரித் தள்ளினால் போதும்," என்றேன். கொஞ்சம் இறக்கி, ஓட்டி, தூளை எடுத்து, திரும்பக் கொஞ்சம் இறக்கினோம். எல்லாத் துளைகளும் நேராக வந்தன. முனைகள் வட்டமாக இருந்ததை நான் உளியால் சதுரமாக்க எடுத்தபோது, "வட்டமாவே இருக்கட்டும்," என்று அவர் சொன்னார். ஆகவே நாக்குகளின் ஓரங்களை அரத்தால் உருட்டினேன். கையால் அமர்த்தினோம். எல்லாம் போய் நின்றது. கடைசியாக ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே ஒரு மரமுளை அடித்தோம். அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த தன் பழைய ஷேட் ஒன்றை உள்ளே விரித்தார். எந்த ஷேட் என்று பார்த்தேன். பசை துடைத்த அதே ஷேட்தான். நீ அதைத் தேடினாய், காணவில்லை என்றாய். அது அவளோடு இருக்கிறது.

மாதம்பிட்டி மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். ஓட்டோக்காரப் பெடியன் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினான். அங்கே ஃபாதர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். பெயர் விசயத்தில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை எனக்குத் தெரியும், அவர் விடாப்பிடியாகத் தன் பாட்டியின் பெயர்தான் என்று நின்றதும் தெரியும். ஃபாதருக்கு அவர் நீ ஆசைப்பட்ட பெயரைத்தான் சொன்னார். அந்தப் பெயர்தான் சிலுவையில் எழுதியிருக்கிறது. இங்கே அதை எழுத என் கை வரவில்லை, நீயே போய் வாசித்துக்கொள். திரும்பி வரும்போதுதான் வாக்குக் கேட்டார். "அவவுக்குச் சொல்ல வேண்டாம் மாமி. கட்டிலை வெட்டித்தான் பெட்டி செய்தனாங்கள் எண்டு தெரிஞ்சால், கண்ணை மூடுற நேரமெல்லாம் அதைத்தான் காண்பா." நானும் அது சரி என்றே நினைத்தேன்.

பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். நேரே அந்த அறைக்குப் போனாய். வெறும் நிலத்தைப் பார்த்தாய். எடுக்கச் சொன்னவளும் நீதான், ஆனாலும் அது இல்லாமல் அந்த அறை அப்படிக் கிடக்கும் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். "எங்க?" என்று கேட்டாய். "குடுத்திட்டன்," என்றார். "ஆருக்கு?" "ஆருக்கோ." நான் குசினி வாசலில் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முகம் இறுகிப்போனதை நான் கண்ணால் கண்டேன். அன்றைக்குப் பிறகு நீ அவரோடு முகம் பார்த்துக் கதைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறார் என்று கேட்டதற்கு "சும்மா" என்று சொன்னதும் உன் கோபத்தில் சேர்ந்தது. பிறகு என்னோடு இருக்க இங்கே வந்துவிட்டாய். மாதம்பிட்டிக்குப் போய்ப் புல்லுப் பிடுங்குகிறார், மகள். வேறெங்கும் போகவில்லை. அவர் சொல்லவில்லை. அங்கே பூ விற்கிற பெண் எனக்குத் தெரிந்தவள், அவள்தான் சொன்னாள்.

அவர் செய்தது எனக்குப் புதிதல்ல. அப்பா செத்தபோது நானும் அதையேதான் செய்தேன். உன் மனம் நோகக் கூடாது என்று அவருடைய உடுப்புகளை ஒருவருக்கும் தெரியாமல் அப்புறப்படுத்தினேன், படத்தை அலுமாரிக்குள் வைத்தேன், பெயரைச் சொல்வதை நிறுத்தினேன். நீ ஓ.எல். சோதனை எடுக்கிற வயதில் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, "உங்களுக்கு அப்பாவை ஞாபகமே இல்லைதானே?" என்று சாதாரணமாகக் கேட்டாய். கோபத்தில்கூடக் கேட்கவில்லை. அத்தனை வருடமும் என் கண்ணீரை நான் உன்னிடமிருந்து மறைத்து வைத்ததில் உனக்குக் கிடைத்தது அந்த எண்ணம் மட்டும்தான். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. ஆனாலும் குசினி வாசலில் நின்ற அன்றைக்கு எனக்கு அது உதவவில்லை.

மரத்தை வைத்து உனக்குக் கல்யாண உபதேசம் செய்ய நான் வரவில்லை. மரம் வேறு, மனிதர் வேறு. நீ அவரோடுதான் வாழ வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். துக்கம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், சில வேளை உண்மை தெரிந்தபிறகும் இரண்டு பேரால் ஒரே கூரைக்குக் கீழ் மூச்சுவிட முடியாமல் இருக்கும். நீ கனடாவுக்குப் போ. ஆனால் உன் பிள்ளைக்காக அழாத ஒரு மனிதரை விட்டுப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதே. அப்படி ஒருவர் இல்லை. நீ விட்டுப் போகிறவர் வேறு ஆள். இதைத் தெரிந்துகொண்டு போகிறதென்றால் போ, நானே விமான நிலையத்துக்கு வருவேன்.

உனக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று நேற்று அவருக்குப் போனில் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன். "இருக்கிறன் மாமி," என்றார். பிறகு, "அவ ஒழுங்காச் சாப்பிடுறாவோ?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். "நான் வந்து நிண்டால் ஏசுவாவோ?" என்றார். தெரியாது என்றேன். அது பொய்யில்லை.

போன வரியை எழுதும்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது. நீ குளியலறையில் இருக்கிறாய், தண்ணீர் ஓடுகிறது, உனக்குக் கேட்டிருக்காது. வந்தது நிரோஷன். அவரை முன் அறையில் உட்கார வைத்திருக்கிறேன். கதிரை நுனியில் இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருக்கிறார். நீ கூப்பிட்டால் வருவார். போகச் சொன்னால் ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போய்விடுவார், எனக்கு அவரைத் தெரியும். இதை உன் தலையணையில் வைத்துவிட்டு நான் மாதா கோவிலுக்குப் போகிறேன். சுணங்கித்தான் வருவேன்.

அம்மா